‘கள்ளத்தோணி’ என்ற பழைய சொல்லும் ‘ஒரு இலட்சம்’ என்ற புதிய கணக்கும்

2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள தங்கு விடுதிகளின் கதவுகள் தட்டப்பட்டதைக் கொழும்புத் தமிழர் இலகுவில் மறந்துவிட முடியாது. கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தவர்கள், வெளிநாட்டுத் தூதரகங்களின் அழைப்பை எதிர்பார்த்திருந்தவர்கள், வைத்திய சிகிச்சைக்காக வந்தவர்கள், தொழில் தேடி வந்த இளைஞர்கள் ஆகியோரிடம் கொழும்பில் தங்குவதற்குத் ‘தகுந்த காரணம்’ உண்டா என்று வினவப்பட்டது. அவர்கள் கூறிய காரணங்கள் போதுமானவையாகக் கொள்ளப்படவில்லை. 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு, அவர்களுள் பெரும்பாலானோர் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவை ஏற்று, மறுநாளே உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவும் பின்னர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அன்று கூறப்பட்ட நியாயம் யாது? விடுதிகளில் தற்கொலைக் குண்டுதாரிகள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதே அது. கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதனால் அந்த அச்சம் முற்றிலும் கற்பனை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் மிகச் சாதாரணமான ஒரு கேள்வி அன்று எழுந்திருக்க வேண்டும். ஒருவர் மீது சந்தேகம் இருக்குமாயின் அவரைக் கைது செய்து விசாரிக்க வேண்டும். சந்தேகம் இல்லையாயின் அவரை விட்டுவிட வேண்டும். குற்றச்சாட்டு எதுவுமின்றி, கைக்குழந்தையுடன் வந்த தாயையும் நோயாளியான முதியவரையும் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்புவது எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டைச் சேர்ந்தது? இக்கேள்வியை ஊடகங்கள் முன்கூட்டியே, உரத்த குரலில் கேட்டிருக்குமாயின் அந்தப் பஸ்கள் புறப்படாமலே இருந்திருக்கலாம். நீதிமன்றம் கேட்ட பின்னரே பலரும் கேட்கத் தொடங்கினர்.

2007 ஆம் ஆண்டின் இச்சம்பவத்தை இப்போது நினைவூட்டுவதற்குக் காரணம் இருக்கின்றது. அதே கேள்வி கேட்கப்பட வேண்டிய இன்னொரு சந்தர்ப்பம் அண்மையில் வந்து போனது. இம்முறை பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் நாமல்லர்.

முள்ளிவாய்க்காலில் கரையொதுங்கிய படகு

2024 டிசம்பர் 19 ஆம் திகதி முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால் கடற்பரப்பில் ஒரு படகு தென்பட்டது. மியன்மாரின் ரோஹிங்கியா முஸ்லிம்கள் உட்பட ஏறத்தாழ 115 பேர் அதில் இருந்தனர். பெண்களும் சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் எந்தக் கரையில் எமது மக்கள் உணவும் நீரும் இன்றித் தவித்தனரோ, அதே கரையின் மக்கள்தான் வந்தவர்களுக்கு முதலில் உணவும் நீரும் கொண்டு சென்றனர். பின்னர் கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டு சென்றது. இறுதியில் அவர்கள் முல்லைத்தீவு, கேப்பாப்பிலவிலுள்ள விமானப்படை முகாமில் தங்கவைக்கப்பட்டனர். அங்கு சென்ற மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகளுக்கு ஆரம்பத்தில் அனுமதி மறுக்கப்பட்டதும் கவனிக்கத்தக்கது.

அதற்கு அடுத்த சில வாரங்களில் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனந்த விஜேபால ஒரு தகவலை வெளியிட்டார். மேலும் ஒரு இலட்சம் ரோஹிங்கியர் இலங்கைக்கு வரத் தயாராக இருப்பதாகப் புலனாய்வுத் தகவல் கிடைத்துள்ளது என்பதே அது. இதன் பின்னணியில் ஆட்கடத்தல் கும்பல் இருப்பதாகவும், வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது குறித்து ஆராயப்படுவதாகவும் அரசாங்கத் தரப்பில் கூறப்பட்டது.

இச்செய்தி பல ஊடகங்களில் ‘அமைச்சர் தெரிவித்தார்’ என்ற அளவிலேயே வெளியானது. தலைப்பில் எண் இருந்தது. உள்ளே கேள்வி இருக்கவில்லை. சிவில் அமைப்புகளும் தமிழ், முஸ்லிம் அரசியல் பிரதிநிதிகள் சிலரும் குரல் எழுப்பினர். 2025 ஜனவரியில் முல்லைத்தீவில் மக்கள் ஆர்ப்பாட்டமும் செய்தனர். எனினும் செய்தியை எழுதும் மேசையிலிருந்து எழ வேண்டிய வினா அங்கிருந்து பெரும்பாலும் எழவில்லை. தமிழ் ஊடகங்கள் இதற்கு விதிவிலக்கு என்று நாம் எம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

ஓர் எளிய கணக்கு

அமைச்சர் கூறிய எண்ணை ஒரு கணம் பரிசீலித்துப் பார்ப்போம். முள்ளிவாய்க்காலுக்கு வந்த படகில் 115 பேர் வரையில் இருந்தனர். அதே அளவான படகுகளில் ஒரு இலட்சம் பேர் வர வேண்டுமாயின் ஏறத்தாழ 870 படகுகள் தேவைப்படும். நாளொன்றுக்கு ஒரு படகு வீதம் வந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். பங்களாதேஷ் கரையிலிருந்து முல்லைத்தீவுக்கு வங்காள விரிகுடாவைக் குறுக்கறுத்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் வர வேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் தகவல்படி, 2023 ஆம் ஆண்டில் அந்தமான் கடலிலும் வங்காள விரிகுடாவிலும் படகேறிய ரோஹிங்கியர் மொத்தமாக ஏறத்தாழ 4,500 பேர். அவர்களுள் 569 பேர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அதாவது எட்டுப் பேருக்கு ஒருவர் கரை சேரவில்லை. மறு ஆண்டில் இத்தொகை அதிகரித்த போதிலும் பத்தாயிரத்தைத் தாண்டவில்லை. இவர்களுள் பெரும்பாலானோர் நாடிச் சென்றவை இந்தோனேசியாவும் மலேசியாவுமேயன்றி இலங்கையல்ல. இலங்கையைப் பொறுத்தவரையில் 2017 ஏப்ரலில் 30 பேரும், 2022 டிசம்பரில் நூற்றுக்குச் சற்று அதிகமானோரும், 2024 டிசம்பரில் 115 பேர் வரையிலும் வந்ததே இக்காலத்தில் பரவலாக அறியப்பட்ட வருகைகளாகும். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 250 பேர். அவ்வாறாயின் ஒரு இலட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

வங்காள விரிகுடாவில் ஆட்கடத்தற் கும்பல்கள் இயங்குவது உண்மையே. எல்லையைப் பாதுகாப்பது எந்த அரசாங்கத்தினதும் கடமை என்பதையும் நாம் மறுக்கவில்லை. அமைச்சரிடம் இருந்த புலனாய்வுத் தகவல் முழுவதையும் அவர் வெளியிட முடியாதிருக்கலாம். ஆயினும் அத்தகவல் எக்காலப்பகுதிக்குரியது, எத்தனை மூலங்களால் உறுதிப்படுத்தப்பட்டது, ‘தயாராக இருப்பது’ என்பதன் பொருள் என்ன என்ற மூன்று வினாக்களுக்கு விடையளிப்பதால் நாட்டின் பாதுகாப்புக்குப் பாதகம் நேர்ந்துவிடாது. பங்களாதேஷின் முகாம்களில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இருப்பது வேறு. அவர்களுள் பத்தில் ஒருவர் எமது நாட்டை நோக்கிப் புறப்பட ஆயத்தமாகிவிட்டனர் என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்து கூறுவதே பத்திரிகையாளரின் பணியாகும்.

சொற்களில் ஒளிந்திருக்கும் தீர்ப்பு

எண்ணுக்கு அடுத்தபடியாகச் சொற்கள். ‘சட்டவிரோதக் குடியேறிகள்’, ‘ஊடுருவல்’, ‘படையெடுப்பு’ ஆகிய சொற்கள் செய்தியில் இடம்பெற்றவுடனேயே வாசகரின் மனதில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. உயிராபத்துக் காரணமாகத் தன் நாட்டைவிட்டு வெளியேறி, இன்னொரு நாட்டில் பாதுகாப்புக் கோருபவர் புகலிடக் கோரிக்கையாளர். அவரது கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நியாயமானது என ஏற்கப்பட்டால் அவர் அகதி. பரிசீலனை முடியும் முன்னர் அவரைக் குற்றவாளி என்று அழைப்பது, வழக்கு விசாரிக்கப்படும் முன்னர் தண்டனை வழங்குவதற்கு ஒப்பானது. புகலிடம் கோருவது மனித உரிமை என்பதை 1948 ஆம் ஆண்டின் சர்வதேச மனித உரிமைகள் பிரகடனத்தின் 14 ஆவது உறுப்புரை கூறுகின்றது.

இலங்கை 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கைச்சாத்திடவில்லை. ஆதலால் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின் கண்களுக்கு வீசா இன்றி வந்த அகதியும் சட்டவிரோதமாக நுழைந்தவரே. இதனைச் சுட்டிக்காட்டி அரசியல்வாதிகள் தமக்குக் கடப்பாடு எதுவும் இல்லையென்று கூறுவது வழக்கம். ஆனால் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை இலங்கை ஏற்றுக்கொண்டு, 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தையும் நிறைவேற்றியுள்ளது. சித்திரவதைக்குள்ளாகும் அபாயமுள்ள நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பது அச்சமவாயத்தின் 3 ஆவது உறுப்புரையாகும். இதனை அமைச்சருக்கு நினைவூட்டிய செய்தியாளர்கள் எத்தனை பேர்?

சொற்களைப் பற்றிப் பேசும்போது ‘கள்ளத்தோணி’ என்ற சொல்லை மறந்துவிட முடியாது. இச்சொல் தமிழ்ச் சொல்லே. ஆயினும் அது சிங்கள மொழியிலும் புகுந்து, இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழரை இழிவுபடுத்தும் வசையாக வழங்கிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1952 இல் கள்ளக் குடியேற்றத்தைத் தடுப்பதற்கென ‘ஒப்பரேஷன் மொன்டி’ என்ற பெயரில் வடபகுதிக் கரையோரத்துக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. கடல் வழியாகச் சிலர் வந்தது உண்மை. அந்தச் சிலரைக் காட்டியே, தேயிலைக் கொழுந்து பறித்து இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய ஒரு சமூகம் முழுவதும் அந்நியமாக்கப்பட்டது. மியன்மாரில் 1982 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ரோஹிங்கியருக்குச் செய்ததும் இதுவே. அவர்கள் ‘வங்காளிகள்’ என்றும் வந்தேறிகள் என்றும் அழைக்கப்பட்டனர். 2017 ஓகஸ்ட் மாதத்துக்குப் பின்னர் ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்கு விரட்டப்படுவதற்கு முன்னர் அந்தச் சொல் நீண்ட காலம் வேலை செய்திருந்தது.

அச்சத்தின் விலை

சொல் செயலாக மாறுவதைக் காண நாம் மியன்மார் வரை செல்ல வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெற்கே சிறிது தூரம் சென்றால் கல்கிசை. 2017 செப்டெம்பர் 26 ஆம் திகதி அங்கு ஒரு வீட்டைப் பிக்குகள் தலைமையிலான கும்பலொன்று சுற்றிவளைத்தது. ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் பராமரிப்பில் அந்த வீட்டில் தங்கியிருந்த ரோஹிங்கியர் 31 பேர். அவர்களுள் 16 பேர் சிறுவர். அச்சிறுவர்கள் உட்பட அனைவரும் பயங்கரவாதிகள் என்று ஒளிப்பதிவில் முழங்கப்பட்டது. அமைச்சர்கள் இதனைக் கண்டித்தனர் என்பது ஆறுதல். ஆயினும் அவ்வகதிகள் அந்த வீட்டைவிட்டு அகற்றப்பட்டுப் பூஸாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் நீர்கொழும்பில் நடந்தது இன்னும் வேதனையானது. பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்து வாடகை வீடுகளில் தங்கியிருந்த அகதிகளை வீட்டு உரிமையாளர்கள் வெளியேற்றினர். அஹ்மதியா முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தமது நாட்டில் மதத் தீவிரவாதிகளுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள், இங்கு அதே தீவிரவாதிகளின் கூட்டாளிகள் எனச் சந்தேகிக்கப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வாகனத் தரிப்பிடத்திலும் நாட்கணக்கில் முடங்கிக் கிடந்தனர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவனுக்கு விளக்கைக் காட்டுவதே ஊடகத்தின் வேலை; அன்று பல ஊடகங்கள் விளக்கை அணைத்தன. அதே ஆண்டு மே மாதம், குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளிதழின் முதற்பக்கத்தில் வெளியான செய்தியையும் எமது முஸ்லிம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதற்கு ஆதாரம் இல்லையென்று நீதிமன்றத்தில் கூறிய செய்தி, முதற் செய்தி சென்ற வீடுகள் அனைத்துக்கும் சென்றதா என்பது ஐயமே.

கடல் கடந்த எமது மக்களும் இதே நோய்க்கு இலக்கானவர்களே. 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ கப்பல் 492 தமிழருடன் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தது. அது வந்து சேரும் முன்னரே, அதில் ஆட்கடத்தற்காரரும் பயங்கரவாதிகளும் இருப்பதாகச் சந்தேகிக்கின்றோம் என்று அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் விக் டோவ்ஸ் கூறிவிட்டார். குழந்தைகளும் தாய்மாரும் தடுத்துவைக்கப்பட்டனர். பின்னர் கனேடிய அகதிகள் சபை ஒவ்வொரு கோரிக்கையாகப் பரிசீலித்து, அவர்களுள் இருநூறுக்கும் அதிகமானோரை அகதிகளாக ஏற்றுக்கொண்டது. முதல் நாள் தலைப்புச் செய்தி பெற்ற இடத்தை இந்தத் தீர்ப்புகள் பெறவில்லை.

அவுஸ்திரேலியா தந்த பாடம்

ஊடகங்கள் கேள்வி கேட்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் 2001 ஆம் ஆண்டு அனுபவத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. பொதுத் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்த வேளை. ஒக்டோபர் 7 ஆம் திகதி, புகலிடம் கோரி வந்த படகொன்றிலிருந்தோர் தமது குழந்தைகளைக் கடலில் வீசினர் என்று குடிவரவு அமைச்சர் பிலிப் ருடொக் செய்தியாளரிடம் கூறினார். மூன்று நாட்களில் பாதுகாப்பு அமைச்சர் பீற்றர் ரீத் ஆதாரமெனப் புகைப்படங்களை வெளியிட்டார். கடலில் தத்தளிக்கும் மனிதர்களின் படங்கள் அவை. பெற்ற பிள்ளையைக் கடலில் எறிபவர்கள் எமது நாட்டுக்கு வேண்டாம் என்ற ஆவேசம் எழுந்தது.

உண்மை வேறு. அப்படங்கள் எடுக்கப்பட்டது மறுநாளான 8 ஆம் திகதி. படகு மூழ்கியபோது கடற்படையினர் அம்மக்களைக் காப்பாற்றிய காட்சியே அது. அந்தப் படம் எப்போது எடுக்கப்பட்டது, எடுத்தவர் யார் என்ற இரு கேள்விகளில் முழுக் கதையும் சரிந்திருக்கும். ஐயங்களை வெளியிட்ட செய்திகள் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில் வரத் தொடங்கின. நவம்பர் 10 ஆம் திகதி ஜோன் ஹவார்டின் அரசாங்கம் வெற்றி பெற்றது. குழந்தை எதுவும் கடலில் வீசப்படவில்லை என்று செனற் சபையின் விசாரணைக் குழு உறுதி செய்தது 2002 ஒக்டோபரில். உண்மை வெளிவந்ததுதான், ஆனால் வாக்குப் பெட்டிகள் எண்ணப்பட்டு ஏறத்தாழ ஓராண்டாகிவிட்டிருந்தது.

ஏன் கேட்பதில்லை?

செய்தியாளர்கள் அனைவரும் தீய நோக்கமுடையவர்கள் என்று கூறுவது அநியாயமாகும். பாதுகாப்புச் செய்திகளை எழுதுபவர் அமைச்சையும் பொலிஸையும் நம்பியே தொழில் செய்கின்றார்; இன்று கடினமான கேள்வியைக் கேட்டால் நாளை தொலைபேசிக்குப் பதில் வராது. தமிழ்ப் பத்திரிகைகளைப் பொறுத்தவரையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்த அறிக்கையை அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் மொழிபெயர்ப்பதே பெரும் பாடாகிவிடுகின்றது. மொழிபெயர்ப்பவர் கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பதில்லை. இவற்றுக்கு மேலாக, 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜனையும், 2009 ஜனவரியில் கொழும்பின் புறநகரில் லசந்த விக்கிரமதுங்கவையும் பறிகொடுத்த நாட்டில், கேள்வி கேட்பதன் விலை என்னவென்பதை எவரும் எமக்குக் கற்பிக்கத் தேவையில்லை.

ஆயினும் இக்காரணங்கள் விளக்கமாகுமேயன்றி நியாயமாகமாட்டா. அமைச்சரின் எண்ணுக்குக் கீழே கடந்த ஆண்டுகளில் உண்மையில் வந்தோரின் தொகையை ஒரு வரியில் சேர்ப்பதற்குத் துணிச்சல்கூட வேண்டியதில்லை. சிறிது நேரம் போதும். ‘ஆதாரத்தை அமைச்சர் வெளியிடவில்லை’ என்ற வாக்கியத்தைச் சேர்ப்பது எவரையும் அவமதிப்பதாகாது. ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்பதற்குப் பதிலாகப் ‘புகலிடம் கோரி வந்தோர்’ என்று எழுதுவதற்கு எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. மறுப்பும் திருத்தமும் வரும்போது அவற்றை முதற் செய்தி வெளியான அதே பக்கத்தில் வெளியிடுவது எமது கையிலேயே உள்ளது.

இங்கு எமக்கு நாமே கூறிக்கொள்ள வேண்டிய உண்மையொன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே. ஒரு சமூகம் முழுவதையும் காட்டிக்கொடுப்போராகச் சித்திரிக்கும் பேச்சு அதற்கு முன்னோடியாக அமைந்தது. அப்பேச்சைத் தமிழ்ப் பொதுவெளி அன்று தட்டிக்கேட்கவில்லை. அதன் பின்னரும் நீண்ட காலம் மௌனமே நிலவியது. புத்தளத்துக்குச் சென்று குடிசைகளில் வாழ்ந்த அம்மக்கள் ‘அகதி’ என்ற சொல் எவ்வளவு பாரமானது என்பதை அங்கும் அனுபவித்தனர். அச்சத்தைப் பரப்பும் பேச்சைத் தட்டிக்கேட்கும் கடமை, அது எமக்கு எதிராகப் பேசப்படும்போது மட்டும் எழுவதாயின் அதற்குப் பெயர் நீதியல்ல.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள விடுதிகளில் இன்றும் கடவுச்சீட்டுக்காகவும் வீசாவுக்காகவும் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுள் சிலர் நாளை ஏதோவொரு நாட்டின் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் முன்னிலையில் தமது கதையைக் கூறப்போகின்றவர்கள். அந்நாட்டின் அமைச்சர் ஒருவர் அவர்களை ஓர் எண்ணாக்கி மக்களை அச்சுறுத்தும் வேளையில், அங்குள்ள ஒரு செய்தியாளராவது எழுந்து ‘இந்த எண்ணுக்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்க வேண்டும் என்றே நாம் எதிர்பார்ப்போம். கேப்பாப்பிலவு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட ரோஹிங்கியத் தாயும் எம்மிடம் அதனையே எதிர்பார்த்திருப்பாள். அடுத்த படகு வரும்போது, அடுத்த எண் அறிவிக்கப்படும்போது, அக்கேள்வி தமிழ்ப் பத்திரிகைகளிலிருந்தே முதலில் எழ வேண்டும்.